காவலில்லாத கிடங்குகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2003-ல் அமெரிக்கப் படையிடம் பாக்தாத் வீழ்ந்த பிறகு ஈராக்கின் ராணுவக் கிடங்குகள் சூறையாடப்பட்டதை உங்கள் குறிப்பொன்றில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். அந்த ஒரு வரி என்னை உறுத்துகிறது. மூன்று வாரத்தில் ஒரு நாட்டைப் பிடித்த ராணுவத்துக்குக் கிடங்கு வாசலில் நாலு பேரை நிறுத்தத் தெரியாதா? வேண்டுமென்றேதான் விட்டார்கள் என்கிறார்கள் என் நண்பர்கள். சரி, ஆள் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் அங்கேயே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போயிருக்கலாமே? நேரம் இருந்தால் விளக்குங்கள்.

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

நாலு பேர் என்ற கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தில் இரண்டு காவலர்கள் இரவும் பகலும் நிற்க வேண்டும் என்றால் ஷிப்ட், தூக்கம், உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் சேர்த்து எட்டிலிருந்து பத்து பேர் தேவை. பெரிய கிடங்கு ஒன்றின் சுற்றளவு 20 கிலோமீட்டர் என்று கொள்ளுங்கள். அரை கிலோமீட்டருக்கு ஒரு காவலிடம் வைத்தால் 40 இடங்கள், ஏறத்தாழ 400 பேர். ஒரு பட்டாலியனின் பெரும்பகுதி ஒரே கிடங்கில் முடிந்துவிடும். அப்போதும் இருட்டில் வேலியை அறுத்து ஒரு லாரி உள்ளே போய்வர அந்த அரை கிலோமீட்டர் தாராளம்.

ஈராக்கில் இருந்த வழக்கமான ஆயுதங்களும் குண்டுகளும் 6 லட்சம் முதல் 10 லட்சம் டன் வரை இருக்கலாம் என்பது அன்றைய மதிப்பீடு. 2004 செப்டம்பர் வரை கூட்டணிப் படைகள் பார்த்து முடித்த குவியல்கள் மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல். இவற்றில் பரந்து விரிந்த கிடங்குகளும் உண்டு, பள்ளிக்கூட வளாகத்தில் அடுக்கிவைத்த பெட்டிகளும் உண்டு. உள்ளே வந்த அமெரிக்கப் படையோ சுமார் ஒன்றரை லட்சம். அதிலும் சமையல், சரக்கு, மருத்துவம் போகத் துப்பாக்கியோடு நிற்கக்கூடியவர்கள் ஒரு பகுதிதான்.

ஆகவே உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. வேண்டுமென்றே விட்டதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஆனால் இதைச் சொல்லி அமெரிக்கர்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆள் போதாது என்பது எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே போட்டுப் பார்த்திருக்கக்கூடிய கணக்கு. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜிஏஓ 2007 மார்ச்சில் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. ஈராக் ராணுவம் கலையாமல் சரணடையும், உள்நாட்டுப் பாதுகாப்பை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று திட்டமிட்டவர்கள் நம்பியிருந்தார்கள் என்கிறது அது. சரணடைவதற்குப் பதிலாகச் சிப்பாய்கள் சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். 2003 மே 23-ல், ஈராக்கை ஆள அமெரிக்கா அமர்த்திய பால் பிரெமரின் நிர்வாகம் அந்த ராணுவத்தையே கலைத்தது. எந்தக் கிடங்கில் எது இருக்கிறது, எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று தெரிந்த ஆட்கள் ஒரே நாளில் சம்பளமில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். என் பார்வையில் இந்த விஷயத்தில் நடந்த மிகப் பெரிய தவறு இதுதான். வாசலில் ஆள் நிறுத்தாததைவிடப் பெரியது.

இன்னொன்று, தேடியது வேறு. படைகளோடு சென்ற தேடுதல் குழுக்கள் அணு, ரசாயன, உயிரியல் ஆயுதங்களைத்தான் தேடின. ஒரு பங்கரை, அதாவது கனத்த சுவர்கொண்ட வெடிமருந்து அறையைத் திறந்து பார்ப்பார்கள். சாதாரண பீரங்கிக் குண்டு இருந்தால் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

அல் காக்கா இதற்கு நல்ல உதாரணம். பாக்தாதுக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருந்த பெரிய வெடிமருந்து வளாகம். எச்எம்எக்ஸ் என்ற வெடிமருந்தை அணுகுண்டின் தூண்டியமைப்பில் பயன்படுத்த முடியும் என்பதால் சர்வதேச அணுசக்தி முகமை அங்கே பங்கர்களுக்கு முத்திரை வைத்திருந்தது. அந்த முத்திரைகளும் முழுக் காவல் அல்ல. முன்கதவில் முத்திரை இருக்கும், பக்கவாட்டுக் காற்றுத் திறப்புகளில் இருக்காது. அந்த வழியே பொருளை எடுத்துவிட முடியும் என்று ஆய்வாளர்களே எழுதிவைத்திருந்தார்கள். 2003 ஏப்ரல் 3-ல் அமெரிக்கப் படை அங்கே வந்தது, சண்டையிட்டது, பாக்தாத் நோக்கிப் போய்விட்டது. ஏப்ரல் 18-ல் வேறொரு படைப்பிரிவோடு சென்ற மினசோட்டா தொலைக்காட்சிக் குழு முத்திரையிட்ட கதவையும் உள்ளே பீப்பாய்களையும் படமெடுத்தது. 2004 அக்டோபரில் ஈராக் அரசு எழுதிய கடிதத்தில் எச்எம்எக்ஸ், ஆர்டிஎக்ஸ், பிஇடிஎன் என்ற மூன்று வெடிமருந்துகளும் சேர்த்துச் சுமார் 342 டன் போய்விட்டது என்றிருந்தது. பத்து டன் லாரியில் 35 நடை. தன் பிரிவு அந்த வளாகத்திலிருந்து 250 டன் வெடிபொருளை அகற்றி அழித்ததாக ஓர் அமெரிக்க அதிகாரி பின்னர் சொன்னார். அது இந்த முத்திரையிட்ட சரக்குதானா என்பது உறுதியாகவில்லை.

அந்தச் செய்தி அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு வெளியானது. எனவே உலகம் முழுக்க அந்த 342 டன்னைப் பற்றியே பேசியது. மொத்த இருப்பில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மக்களைக் கொன்றதில் பெரும்பங்கு பெயர் தெரியாத பழைய குண்டுகளுடையது. 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்றின் எடை சுமார் 43 கிலோ, அதற்குள் வெடிமருந்து ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பேர் தூக்கி ஒரு காரின் பின்பெட்டியில் வைத்துவிடலாம். சாலையோரக் குண்டுகளுக்கு மூலச் சரக்கு இதுதான். 2003 ஆகஸ்ட் 19-ல் பாக்தாத் கனால் ஹோட்டலில் இருந்த ஐ.நா. அலுவலகத்தின்மீது லாரி குண்டு வெடித்து ஐ.நா. சிறப்புத் தூதர் செர்ஜியோ வியெரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்களே, அதை ஆராய்ந்த எஃப்பிஐ அதிகாரிகள் அந்த காமாஸ் லாரியில் இருந்தவை பழைய சோவியத் காலச் சரக்கு என்றார்கள்: விமானக் குண்டு, மோர்ட்டார் குண்டு, கையெறி குண்டு. புதிதாகத் தயாரித்த வெடிமருந்து எதுவும் தேவைப்படவில்லை.

யாரும் எச்சரிக்கை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2003 மே மாதம் பாகூபாவில் ஒரு ராணுவக் கல்லூரியில் நூற்றுக்கணக்கான வெடிமுனைகள் (வார்ஹெட்) காவலின்றிக் கிடப்பதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பின் ஆய்வாளர் பீட்டர் பூக்கார்ட் அமெரிக்க அதிகாரிகளிடம் நேரில் சொன்னார். பலனில்லை. பாகூபா பிறகு கார் குண்டுகளுக்குப் பெயர்போன ஊரானது.

கிளர்ச்சிக்காரர்கள் மட்டும் அள்ளினார்கள் என்று நினைக்க வேண்டாம். முதல் வாரங்களில் கிடங்குகளுக்குள் போனவர்களில் ஏராளமானோர் ஏழைகள். பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூட்டுக்குப் பழைய உலோகக் கடையில் விலை உண்டு. பெட்டியின் மரம் அடுப்புக்கு ஆகும். கூட்டை எடுப்பதற்காக உள்ளே இருந்த, குண்டைச் செலுத்தும் உந்துமருந்தைத் தரையில் கொட்டினார்கள். யாரோ பற்றவைத்த ஒரு சிகரெட் போதும். சிறுவர்கள் குண்டுகளை உருட்டினார்கள், உடைத்தார்கள். துவைதா அணுசக்தி வளாகத்தில் இன்னும் கொடுமை. யுரேனியத் தூளைக் கீழே கொட்டிவிட்டுப் பீப்பாய்களை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தண்ணீர் பிடித்துவைத்தார்கள். என்ன ஆபத்து என்று அவர்கள் மொழியில் சொல்ல அந்த நாட்களில் அங்கே ஒருவரும் இல்லை. இதைத் திருட்டு என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மொத்தமாகத் தகர்ப்பது பார்க்க எளிதாகத் தெரியும். ஈராக்கிலேயே அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1991 மார்ச்சில் தெற்கே கமிசியா கிடங்கை அமெரிக்கப் படை வெடிவைத்துத் தகர்த்தது. அங்கே அடுக்கியிருந்த 122 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளில் பல சாரின் நச்சு நிரப்பியவை என்பது தகர்த்தவர்களுக்குத் தெரியாது. சுமார் ஒரு லட்சம் அமெரிக்கச் சிப்பாய்கள் குறைந்த அளவிலாவது அந்தப் புகைப்பரப்புக்குள் வந்திருக்கலாம் என்று பல ஆண்டு கழித்து பென்டகனே கணக்கிட்டது. அக்கம்பக்க ஊர்களில் இருந்த ஈராக்கியர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

நச்சு இல்லாத கிடங்கிலும் அவசரத் தகர்ப்பு பாதி வேலைதான். அடுக்கின் ஒரு பகுதி வெடிக்கும், மீதி வெடிக்காமலேயே நாலாபுறமும் தெறித்து விழும். ஒரு கட்டடத்துக்குள் இருந்த ஆபத்து பல நூறு ஏக்கர் வயலில் பரவிவிடும். முன்பு பூட்டுப் போட்டால் போதும் என்றிருந்த இடத்தை இனி அடி அடியாகத் துழாவ வேண்டும். விமானத்திலிருந்து குண்டு போட்டாலும் இதே கதைதான்.

தூரக் கணக்கும் உண்டு. குடியிருப்புக்கும் வெடிமருந்துக்கும் இடையே விட வேண்டிய மீட்டர் தூரத்துக்கு ஐ.நா. வழிகாட்டி நெறிகளில் ஒரு சூத்திரம் இருக்கிறது: கிலோ அளவின் கனமூலத்தை 22.2 ஆல் பெருக்க வேண்டும். ஒரு டன்னுக்கு 222 மீட்டர், எட்டு டன்னுக்கு 444, ஆயிரம் டன் ஒரே குவியலாக இருந்தால் 2.2 கிலோமீட்டர். ஆகவே சிறு சிறு அளவாகப் பிரித்து, ஊருக்கு வெளியே குழியில், நாள்தோறும் அழிப்பதே முறை. பின்னாளில் ஈராக்கில் அப்படித்தான் அழித்தார்கள். 2004 செப்டம்பர் வரை 2,40,000 டன்னுக்கு மேல் அழிந்தது, 1,60,000 டன்னுக்கு மேல் வரிசையில் காத்திருந்தது. காத்திருக்கும் சரக்கும் சும்மா கிடப்பதில்லை. உந்துமருந்து காலப்போக்கில் சிதையும், சிதையும்போது சூடாகும், அதைத் தடுக்கச் சேர்த்த நிலைப்படுத்தி மெல்லத் தீரும். வெப்பம் 10 டிகிரி கூடினால் சிதையும் வேகம் இரண்டு மடங்காவது ஆகும். 50 டிகிரி வெயிலில் இரும்புக் கன்டெய்னருக்குள் பூட்டிவைத்தால் அது தானாகவே தீப்பற்றும் நாள் நெருங்கிவரும்.

அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? எல்லாவற்றையும் காக்க முடியாது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, படை நகர்வதற்கு முன்பே கிடங்குகளைத் தரம்பிரித்திருக்க வேண்டும். ஒருவரே தூக்கிச் செல்லக்கூடிய, பெருங்கேடு விளைவிக்கும் பொருள் முதலில்: தோளில் வைத்து ஏவும் ஏவுகணை, மொத்த வெடிமருந்து, டெட்டனேட்டர். காவலர்களை இவற்றின்மேல் போட வேண்டும். அடுத்த நிலை மோர்ட்டார், பீரங்கிக் குண்டுகள். இங்கே ஆளுக்குப் பதில் தடை: புல்டோசரால் பங்கர் கதவின்மேல் மண்ணைத் தள்ளுவது, கான்கிரீட் கட்டைகளை இறக்குவது, இரும்புக் கதவைத் திறக்க முடியாதபடி அடைப்பது. வெல்டிங் கூடாது, உள்ளே மருந்து இருக்கிறது. இந்தத் தடைகளைப் போதிய ஆளும் நேரமும் இருந்தால் யாரும் தோண்டிவிடலாம், உண்மைதான். ஆனால் சூறை பெரும்பாலும் முதல் சில வாரங்களில் நடப்பது, அந்த வாரங்களைக் கடத்தினாலே பாதி வெற்றி. பழைய கிடங்குக் கணக்கரையும் காவலரையும் அதே சம்பளத்தில் வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் மலிவானது. இருப்புப் பேரேடு அவர் கையில்தான் இருக்கும். அது இல்லாமல் எது காணாமல் போனது என்றுகூடப் பிறகு சொல்ல முடியாது.

காவலற்ற கிடங்குகளால் வரும் ஆபத்தை எடைபோடுவதை இனிவரும் போர்த் திட்டங்களில் சேர்க்கும்படி ஜிஏஓ பரிந்துரைத்தது. நான்கு ஆண்டு கழித்து, 2011-ல், நேட்டோ லிபியாவில் வானிலிருந்து மட்டும் போரிட்டது. கடாஃபியின் கிடங்குகள் திறந்துகிடந்தபோது காவல் நிற்கத் தரைப்படையே இல்லை. அவரிடம் தோளிலிருந்து ஏவும் ஏவுகணைகள் சுமார் 20,000 இருந்திருக்கலாம் என்று அமெரிக்க அரசே மதிப்பிட்டிருந்தது. அவை பரவுவதைத் தடுக்கச் சொல்லும் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2017 என்ற எண்ணுள்ள தீர்மானம் வந்தது அக்டோபர் 31-ல், கடாஃபி இறந்து பதினோரு நாள் கழித்து. அடுத்த ஜனவரியில் வடக்கு மாலியில் வெடித்த கலகத்தில் லிபியாவிலிருந்து போன ஆயுதங்கள் இருந்தன.