முதுகுவலிக்குப் போனால் டாக்டர் ஏன் வேலையைப் பற்றிக் கேட்கிறார்?

சேலத்தில் தறி ஓட்டும் உங்கள் அண்ணன் முதுகுவலியால் லீவில் இருக்கும்போது, "வேலையில் என்ன செய்வீங்க?" என்று டாக்டர் கேட்டது எதற்கு என்கிறீர்கள். அருமையான கேள்வி அது! சாதாரண முதுகுவலிக்குப் படுத்தே கிடப்பதைவிட முடிந்தவரை நடமாடுவதுதான் நல்லது. லீவு நீள நீள, திரும்பிப் போகிற தைரியமும் குறையும்.

கூட்டமான ஓபியில் இதைக் கேட்க மறந்துவிடும். அதற்குத்தான் நோயாளியின் சீட்டிலேயே நினைவூட்டும் வரி தேவை. பிரிட்டனில் 2010 முதல் மருத்துவச் சான்றிதழிலேயே, நேரத்தைக் குறைத்தோ வேலையை மாற்றியோ போகலாம் என்று குறிக்க இடம் உண்டு.

அண்ணனுக்கும் அப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: கொஞ்ச நாள் பாவு பீம் (பாவு நூல் சுற்றிய கனமான உருளை) தூக்க வேண்டாம், தார் (ஊடை நூல் கண்டு) சுற்றலாம். முதலாளியிடம் காட்ட அது உதவும். லீவிலேயே இருந்தால், இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) தரும் நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 சதவீதம்தான். அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரைதான். அப்புறம், கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.