இருவாரம் என்றால் எத்தனை தரம்?

கேள்வி: எங்கள் தோட்டத்து அறிவித்தல் பலகையில் 'இருவாரக் கிளினிக், புதன்' என்று ஒட்டியிருக்கிறது. கிழமைக்கு ரெண்டு தரமா, ரெண்டு கிழமைக்கு ஒரு தரமா?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: ரெண்டு கிழமைக்கு ஒரு தரம். எண் காலப்பெயரோடு ஒட்டினால் அது காலத்தின் நீளம்: இருவாரம், மும்மாதம், ஐந்தாண்டு. 'முறை', 'தரம்' என்பதோடு ஒட்டினால்தான் எத்தனை தடவை என்ற கணக்கு. இருமாத இதழ் வருடத்துக்கு 6 வரும், மாதமிருமுறை இதழ் 24 வரும். ஆங்கில 'பைவீக்லி'க்கோ இரண்டு பொருளும் அகராதியிலேயே உண்டு. அதைப் பார்த்துத் தமிழில் எழுதியவர் எதை நினைத்தாரோ, அவருக்கே வெளிச்சம்! ஆகவே அடுத்த திகதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையில் எழுதுபவர்களுக்கும் ஒன்று. 'ஒரு புதன் விட்டு மறு புதன்' என்று எழுதி, தொடங்கும் திகதியையும் போட்டால் சண்டையில்லை. 'மாதத்தின் 2ஆம், 4ஆம் புதன்' என்பது வேறு கணக்கு. ஐந்து புதன் வரும் மாதத்தில் 4ஆம் புதனுக்கும் அடுத்த மாத 2ஆம் புதனுக்கும் நடுவில் மூன்று கிழமை ஓடிவிடும். மாத்திரையை இரண்டு கிழமைக்கு மட்டும் அளந்து கொடுத்திருந்தால் கடைசிக் கிழமைக்கு மருந்து இருக்காது.

கேள்வி: 'பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா' என்கிறோம். எண்ணினால் 14 தானே வருகிறது?
- வாசகர், தலவாக்கலை

பதில்: தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்து எண்ணுகிற பழக்கம் அது. 1ஆம் திகதி திங்கள் என்றால் 15ஆம் திகதியும் திங்கள்; இடைவெளி 14 நாள். 'எட்டாம் நாள்' என்பதும் இப்படித்தான். தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலையில் இதைக் கவனிக்க வேண்டும். 7 நாள் ரவுண்டு என்றால் திங்கள் எடுத்த மலைக்கு அடுத்த திங்கள் போவது. எட்டாம் நாளை எட்டு நாள் இடைவெளி என்று எடுத்துக்கொண்டால் செவ்வாயாகிவிடும். கொழுந்து அள்ளுகிற காலத்தில் அந்த ஒரு நாளே கூடுதல்தான். இலை முத்தி, காம்பு நாராகி, நகத்துக்கு ஒடியாது.

கிழமையே எட்டு நாளான காலமும் இலங்கையில் இருந்தது. 1966 முதல் 1971 வரை ஞாயிறு லீவுக்குப் பதிலாகப் போயா நாட்கள்தான் (அமாவாசை, பௌர்ணமி, இடையில் வரும் இரண்டு அரைப்பிறை நாட்கள்) லீவு. பிறையின் கால்பங்கு சராசரி 7.38 நாள் என்பதால் சில கிழமைகள் ஒரு நாள் நீண்டன.