நாரி வலிக்குக் கொழும்புக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. மூன்று வருடங்களாக நாரி வலியால் அவதிப்படுகிறேன். கச்சான் பிடுங்கக் குனிந்தால் நிமிர முடிவதில்லை. சில நாட்களில் வலி இடது பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்குகிறது. கடையில் வாங்கும் வலி மாத்திரைகளோடுதான் காலம் போகிறது. 2009இல் பட்ட எறிகணைச் செல் துண்டொன்று இடுப்புக்குள் இன்னமும் இருக்கிறது. தோட்டை அடகு வைத்தாவது கொழும்பில் நல்ல நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணி, எம்.ஆர்.ஐ. எடுப்போம் என்கிறார் கணவர். போகலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: சகோதரி, தோட்டை இப்போதைக்கு அடகு வைக்க வேண்டாம். நீங்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்ட செல் துண்டைப் பற்றித்தான் நான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிக வலுவான காந்தம். எறிகணைச் சிதறலில் இரும்பு இருந்தால் அது அந்தக் காந்தப் புலத்தில் அசையவோ சூடேறவோ கூடும். முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ அருகில் இருந்தால் அது பேராபத்து. முதலில் சாதாரண எக்ஸ்றே எடுத்து, துண்டு எங்கே, எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்த பின்னரே எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, சி.ரி. ஸ்கான் போதுமா என்பதைக் கதிரியக்க நிபுணர் தீர்மானிக்க வேண்டும். காயம் ஆறித் தழும்பும் மங்கிவிட்டதால் எங்கள் சனத்தில் பலர் உள்ளே துண்டு இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். ஸ்கான் எடுக்குமுன் தரப்படும் படிவத்தில் உடலுக்குள் உலோகம் உண்டா என்று கேட்டிருக்கும். அது உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். விளங்காமல் கையொப்பமிட வேண்டாம்.

கொழும்பு தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை; அது முதற்படி அல்ல. புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலையிலோ, மாஞ்சோலையிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டிக் கடிதம் பெற்றால், தேவைக்கேற்ப யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக் கிளினிக் வரை கட்டணமின்றிப் போகலாம். வலி காலுக்கு இறங்குவதால் நரம்பு வேர் அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு என்பியல் சத்திரசிகிச்சை நிபுணரோ நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரோ உரியவர். காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் நாரி விறைத்திருந்து, நடமாட நடமாட இளகுமானால், வாதநோய் நிபுணரைக் காட்டும்படி கேளுங்கள். மலசலம் கட்டுப்பாடின்றிப் போவது, சிறுநீர் அடைபடுவது, உட்காரும்போது தரையில் படும் பிட்டப் பகுதியும் தொடை இடுக்கும் மரத்துப் போவது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது ஆகியவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விடாத காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால் முள்ளந்தண்டுக் காசநோயையும் தேடிப் பார்ப்பார்கள்.

ஸ்கானில் 'டிஸ்க்' (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் தட்டு) விலகியிருக்கிறது என்று எழுதியிருந்தால் பயந்துவிடாதீர்கள். நாரி வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கான் செய்தாலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரியும். படத்தில் தெரிவதும் உங்கள் வலியும் கால் பலவீனமும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் சத்திரசிகிச்சைப் பேச்சுக்கே இடமுண்டு.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது அந்த மாத்திரைகள்தான். டைக்குளோஃபெனக் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும். காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாவின் சில கிராமங்கள் வரை வந்திருக்கும் நிலையில், வெயிலில் போதிய தண்ணீர் குடிக்காமல் தோட்டம் செய்பவர்கள் இவற்றைத் தாமாக வாங்கி விழுங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போகிற அன்றே சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள்.

நாட்பட்ட நாரி வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல், முறையான உடற்பயிற்சியையும் நோயைப் பற்றிய விளக்கத்தையும் முன்வைக்கிறது. இடுப்புப் பட்டியை வழக்கமான சிகிச்சையாக அது பரிந்துரைக்கவில்லை. ஆகவே பிசியோதெரபிப் பிரிவுக்கும் கடிதம் கேட்டு வாங்குங்கள். நான்கு நாள் செய்து குறையவில்லை என்று விட்டுவிடாமல், கிழமைக் கணக்கில் தொடருங்கள். கச்சான் பிடுங்கும்போது முதுகை வளைத்துக் குனிந்து நிற்காமல், சிறு பலகையில் குந்தியிருந்து, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நடவுங்கள்.

கிளினிக்கில் நெரிசல் அதிகம். வைத்தியர் முன் இருக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். வலி எப்போது தொடங்கியது, எந்த அசைவில் கூடுகிறது, எந்தக் காலில் எதுவரை இறங்குகிறது, என்ன மாத்திரை எத்தனை மாதம் எடுத்தீர்கள் என்பவற்றை முதல்நாள் இரவே கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். ஆனால் அவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரியாக, '2009, இடுப்பில் செல் துண்டு, எடுக்கப்படவில்லை' என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள்.