இடிபாட்டிலிருந்து பேசிக்கொண்டே வெளியே வந்தவர் அரை மணி நேரத்தில் எப்படி இறந்தார்?

கேட்டவர் 2010 ஹைட்டி நிலநடுக்கத்தைப் பற்றி ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். கான்கிரீட் பலகைக்கு அடியில் கால் மாட்டிய ஒருவர், மீட்பவர்களோடு பேசிக்கொண்டே இருந்தாராம். பலகையைத் தூக்கி வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் இறந்துவிட்டாராம். 'இது எப்படி? வெளிநாட்டு மருத்துவர்கள் அவ்வளவு பேர் போய் என்ன பிரயோஜனம்?' என்று இரண்டு கேள்விகள்.

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: பொட்டாசியம்.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன்; சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்கிற வேலை. ஹைட்டிக்குப் போனதில்லை. ஆனால் பொட்டாசியத்தோடு தினமும் மல்லுக்கட்டுவதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் பொட்டாசியம் நிறைந்த இளநீரும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குத் தள்ளாடி வருகிற நோயாளியின் ஈ.சி.ஜி.யைப் பார்த்தாலே வயிறு கலங்கும். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். 6.5 தாண்டினால் இதயம் எப்போது வேண்டுமானாலும் தாளம் தப்பலாம்.

நம் உடம்பில் இருக்கிற பொட்டாசியத்தில் பெரும்பங்கு தசைக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஒரு தொடை சில மணி நேரம் கான்கிரீட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தால் அங்கே தசை செத்துப்போகிறது. செத்த தசையிலிருந்து கசிவதெல்லாம் அந்த இடத்திலேயே தேங்கும், ஏனென்றால் மேலே இருக்கிற பாரம் ரத்த ஓட்டத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறது. கொடுமை என்னவென்றால், அந்தப் பாரம்தான் அந்த ஆளை அதுவரை காப்பாற்றியும் வைத்திருக்கிறது. பலகையைத் தூக்கியதும் தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் இதயத்துக்குப் போகிறது. அந்த வேகத்தில் இதயம் நின்றுவிடலாம். அதையும் தாண்டிப் பிழைத்தால் அடுத்த ஆபத்து சிறுநீரகத்துக்கு. தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகக் குழாய்களை அடைத்துவிடும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வரும், அப்புறம் வராமலே போகும்.

இது 1941இலிருந்தே மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். லண்டனில் ஜெர்மன் குண்டுவீச்சில் இடிந்த வீடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்கள் இப்படிச் சாவதை பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். இன்று இதை 'கிரஷ் சிண்ட்ரோம்' என்கிறோம்.

தடுக்கும் வழி கேட்டால் இவ்வளவுதானா என்று இருக்கும். ஆள் இன்னும் அடியில் மாட்டியிருக்கும்போதே, வெளியே நீட்டியிருக்கிற கையில் ஒரு ஊசி குத்தி, மணிக்கு ஒரு லிட்டர் கணக்கில் நார்மல் சலைன் ஏற்ற ஆரம்பிக்க வேண்டும். பாரத்தைத் தூக்குவது அதற்கு அப்புறம். உப்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

சரி, அந்த உப்புத் தண்ணீரை யார் ஏற்றுவது? ஹைட்டியில் சிக்கல் தொடங்கியதே இங்கேதான்.

2010 ஜனவரி 12, மாலை 4.53. நிலநடுக்க அளவு 7.0. மையம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில், லேயோகான் ஊருக்குப் பக்கத்தில், பூமிக்கடியில் 13 கிலோமீட்டர் ஆழத்தில். ஆழம் குறைவு, தலைநகரமோ கூப்பிடு தூரம், வீடுகளோ கம்பி குறைந்த கான்கிரீட். இறந்தவர்கள் ஒரு லட்சம் என்று சில மதிப்பீடுகள், மூன்று லட்சத்துக்கும் மேல் என்று அரசு. காயம்பட்டவர்கள் சுமார் மூன்று லட்சம், வீடிழந்தவர்கள் சுமார் 15 லட்சம். பொது மருத்துவமனை சேதமானது, அதன் செவிலியர் பள்ளி மாணவிகளோடு இடிந்து விழுந்தது. ஐ.நா. அமைதிப்படையின் தலைமையகம் தரைமட்டமாகி அதன் தலைவர் ஹெடி அனாபியும் இறந்தார். உதவிக்கு ஓடி வர வேண்டியவர்களே புதைந்து கிடந்தார்கள்.

வெளிநாட்டு மீட்புக் குழுக்கள் மோப்ப நாய்களோடு வந்து உயிரோடு எடுத்தது சுமார் 130 பேரை. தொலைக்காட்சியில் நாம் பார்த்தது அவர்களை. மற்றவர்களை எடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்கள், வெறுங்கையால், கடப்பாரையால், கார் ஜாக்கியால். அவர்கள் கையில் சலைன் பாட்டில் இல்லை. நசுங்கிய காலை விடுவிக்கும் முன் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? உங்கள் வீடியோவில் இறந்தவருக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த முதல் மணி நேரத்தைத் தாண்டியவர்களுக்கு என்ன வழி? டயாலிசிஸ். ஒரு விஷயம் மட்டும் என்னை எப்போதும் உலுக்கும். எங்களிடம் வருகிறவர்கள் வாரம் இரண்டு மூன்று முறை, வாழ்நாள் முழுக்க வர வேண்டியவர்கள். கிரஷ் சிண்ட்ரோம் நோயாளி அப்படி இல்லை. ஓரிரு வாரமோ மூன்று வாரமோ மெஷினில் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலும் சிறுநீரகம் தானே எழுந்துகொள்ளும். வெளியே வந்து நடந்தே வீட்டுக்குப் போகலாம். அந்தச் சில வாரம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

மெஷினை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. டயாலிசிஸ் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லி ஓடும். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர், ஒரே நோயாளிக்கு. அதுவும் குழாய்த் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. பிளாண்டில் சுத்தம் செய்தது வேண்டும். பிளாண்டுக்குக் கரண்ட் வேண்டும். அந்தத் தண்ணீரில் கலக்கிற ஏ பார்ட், பி பார்ட் கரைசல் கேன்கள் வேண்டும். எங்கள் மையத்தில் டேங்கர் லாரி இரண்டு மணி நேரம் தாமதமானாலே ஷிஃப்ட் கலைந்து எல்லார் முகமும் சிவந்துவிடும். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் யோசித்துப் பாருங்கள்.

இதற்கென்றே ஒரு குழு உண்டு. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நடந்த நிலநடுக்கத்தில் சுமார் 600 பேருக்கு இப்படிச் சிறுநீரகம் செயலிழந்தது. உலகம் முழுவதிலிருந்தும் மெஷின்களும் ஆட்களும் போனார்கள், ஆனால் ஒருங்கிணைக்க ஆளில்லாமல் எல்லாம் குழம்பியது. அந்தப் பாடத்திலிருந்து பன்னாட்டுச் சிறுநீரகவியல் சங்கம் ஒரு பேரிடர்க் குழுவை உருவாக்கியது. 1999இல் துருக்கியின் மர்மரா நிலநடுக்கத்தில் 639 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு, 477 பேருக்கு டயாலிசிஸ். அங்கே அது நடந்தது, ஏனென்றால் துருக்கியில் ஏற்கெனவே ஊர் ஊராக டயாலிசிஸ் மையங்களும் சிறுநீரக மருத்துவர்களும் இருந்தார்கள். இடியாத பக்கத்து நகரத்துக்கு நோயாளியைக் கொண்டுபோக ரோடும் இருந்தது. ஹைட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஹைட்டியில் இந்தக் குழு 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்போடு சேர்ந்து வேலை செய்தது. அப்போது நடந்த ஒன்றைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 12 டன் மருத்துவப் பொருட்களோடு வந்த அந்த அமைப்பின் சரக்கு விமானத்தை, இறங்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, போர்ட்-ஓ-பிரின்ஸ் விமான நிலையத்திலிருந்து மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அந்த விமானத்தில் இரண்டு டயாலிசிஸ் மெஷின்கள் இருந்தன. அதே நாட்களில், சிட்டே சோலெய் குடிசைப் பகுதியில் ஷோஸ்கால் மருத்துவமனையில் இருந்த அவர்களுடைய மருத்துவர்கள் கைகால் அகற்ற சந்தையில் ஒரு ரம்பம் வாங்கி வேலை செய்தார்கள். ஜனவரி 14இலிருந்து ஒரு வாரத்துக்குள் அந்த அமைப்பின் ஐந்து விமானங்கள், மொத்தம் 85 டன், இப்படித் திருப்பி விடப்பட்டன. பொருட்களைப் பக்கத்து நாடான டொமினிகன் குடியரசில் இறக்கி லாரியில் கொண்டுவர வேண்டியிருந்தது.

விமான நிலையத்தை நடத்தியது அமெரிக்க விமானப்படை. அவர்களை முழுக்கத் திட்டவும் மனம் வரவில்லை. ஒரே ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம் சேதம், துறைமுகமும் உடைந்து கிடக்கிறது, உலகமே வானத்தில் வட்டமடிக்கிறது. ஆனால் எந்த விமானம் முதலில் என்ற வரிசையை யாராவது போடத்தான் வேண்டும். படைவீரர்களும் பெரிய மனிதர்களும் இறங்க முடிந்த இடத்தில் இரண்டு மெஷின்கள் இறங்க முடியாதது வரிசைக் கோளாறுதான். ஆயிரம் படுக்கை கொண்ட அமெரிக்கக் கடற்படையின் மருத்துவக் கப்பல் 'கம்ஃபர்ட்' வந்து சேர்ந்தது ஜனவரி 20. எலும்பு முறிந்தவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் பொட்டாசியம் எட்டு நாள் காத்திருக்காது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பிரயோஜனம் இருந்தது, ஆனால் யாரால் என்பதில்தான் விஷயம். முதல் இரவில் வேலை செய்தவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள்: ஹைட்டி மருத்துவர்கள், செவிலியர்கள், பல ஆண்டுகளாக அங்கே வேலை பார்த்துவந்த கியூபா மருத்துவர்கள், 1991இலிருந்து அங்கேயே இருந்த எல்லைகளற்ற மருத்துவர்கள். சொந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமலே கட்டுப் போட்டார்கள். அந்த அமைப்பின் மருத்துவமனைக் கட்டிடமே இடிந்தபோது மர நிழலிலும் தார்ப்பாய்க்குக் கீழும் வைத்தியம் நடந்தது. கட்டிடம் நின்ற இடங்களிலும் நோயாளிகள் கூரைக்குக் கீழே வர மறுத்தார்கள். பின்னதிர்வு வந்துகொண்டிருக்கும்போது யார் உள்ளே போவார்கள்? அதனால்தான் காற்றடித்து நிறுத்தும் கூடார மருத்துவமனை ஒன்றை ஒரு பள்ளி மைதானத்தில் போட்டார்கள். மே மாத இறுதிக்குள் அந்த ஒரு அமைப்பு மட்டும் 1,73,000க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை, 11,000க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை செய்திருந்தது. பொது மருத்துவமனையில் டயாலிசிஸும் நடந்தது.

ஆனால் பத்து நாள் வந்து போன குழுக்களும் நிறைய. இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம் பேர் வரை கையோ காலோ இழந்தார்கள் என்பது மதிப்பீடு. எங்கே, யார், ஏன் வெட்டினார்கள் என்று எழுதி வைக்காமல் கிளம்பியவர்கள் உண்டு. வெட்டிய காலுக்குக் கட்டு மாற்ற வேண்டும், செயற்கைக் கால் பொருந்துகிற மாதிரி முனையைச் சரிசெய்ய வேண்டும், நடக்கப் பழக்க வேண்டும். ரம்பம் பிடித்த சர்ஜன் அப்போது வேறொரு நாட்டில் இருப்பார். இந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்குக் குறைந்தபட்ச விதிகளைக் கொண்டுவந்தது. எந்தத் தரக் குழு, என்னென்ன கையோடு கொண்டுவர வேண்டும், எவ்வளவு நாள் தங்க வேண்டும் என்று. நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் போதும் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்த காலம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நிலநடுக்கத்தோடு கதை முடியவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் ஆர்ட்டிபோனிட் ஆற்றங்கரை ஊர்களில் திடீரென்று வாந்தி பேதி. நூறு ஆண்டுகளாக ஹைட்டியில் பதிவாகாத காலரா. மிர்பலே ஊர் அருகே இருந்த ஐ.நா.வின் நேபாள அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததே மூலம் என்று ஆய்வுகள் காட்டின. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று, சுமார் பத்தாயிரம் சாவு. ஐ.நா. பொதுச் செயலர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். ஆறு வருஷம்! ஆச்சரியமாக, தலைநகரின் கூடார முகாம்களில் தொடக்கத்தில் காலரா குறைவாகவே இருந்தது. அங்கே நிவாரண அமைப்புகள் குளோரின் கலந்த தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தன, கிராமங்களில் ஆற்றுத் தண்ணீர்தான்.

காலராவுக்கும் மருந்து அதே உப்பும் தண்ணீரும்தான். வாய்வழியாக, கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து, ஓ.ஆர்.எஸ்., குடிக்க முடியாதவர்களுக்கு ட்ரிப்ஸ். ஓ.ஆர்.எஸ். என்றால் நமக்குச் சாதாரணம். 1971இல் வங்காள அகதி முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் துணிந்து கொடுத்துக் காட்டும்வரை அதை நம்பாதவர்கள் ஏராளம். ஒரு தொழில் விஷயமும் சொல்கிறேன். ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு ட்ரிப்ஸ் பாட்டிலில் கொஞ்சம் பொட்டாசியம் உண்டு. காலரா நோயாளி பேதியில் பொட்டாசியத்தை இழந்தவர், அவருக்கு அது பொருத்தம். ஜனவரியில் கால் நசுங்கியவருக்கு அதே பாட்டிலைத் தவிர்க்கச் சொல்வார்கள், அவருக்கு நார்மல் சலைன். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி பாட்டில்தான்.

பொருள் அனுப்ப நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது. ஆர்மீனியாவுக்கு 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருட்களும் போய்க் குவிந்தன. என்ன வந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளவே 50 பேருக்கு ஆறு மாதம் ஆனது. காலாவதியானவை, பல மொழி லேபிள்கள், பிராண்டு பெயர் மட்டும் போட்டவை. எனவே வீட்டில் மிச்சமிருக்கிற மாத்திரை அட்டைகளைச் சேர்த்து அனுப்ப வேண்டாம். அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிற ஓர் அமைப்புக்குப் பணமாக அனுப்புங்கள், முதல் வாரத்தில் கொஞ்சம், ஆறு மாதம் கழித்து கேமராக்கள் போனபின் கொஞ்சம்.

2021 ஆகஸ்ட் 14இல் ஹைட்டியின் தென்மேற்கில் லே கேய் பக்கம் மறுபடியும் 7.2. இரண்டாயிரத்து இருநூறுக்கும் மேல் சாவு, இரண்டு நாளில் கிரேஸ் புயல் வேறு. இந்த முறை தடை விமான நிலையத்தில் இல்லை. தலைநகரிலிருந்து தெற்கே போகும் ஒரே முக்கிய சாலை மார்ட்டிசான் பகுதி வழியாகப் போகிறது, அது ஆயுதக் கும்பல்கள் கையில் இருந்தது. நிவாரணப் பொருட்கள் ஏற்றிய லாரிகள் அங்கே அனுமதிக்காகக் காத்து நின்றன.