கை தூக்கினால் ரவிக்கை ஏறுகிறது, பெட்டிக்குள்ளேயே செருப்பு உதிர்கிறது: வாசகியர் கேள்விகள்

ரவிக்கை போட்டு நின்றால் கச்சிதமாக இருக்கிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் முழுசாக மேலே ஏறிவிடுகிறது, அக்குளில் தையலும் விடுகிறது. "இன்னும் கொஞ்சம் லூஸ் வைக்கிறேன்" என்று தைத்துக் கொடுத்தார்கள். அப்படியும் சரியாகவில்லை.

லூஸ் வைத்தால் இது கூடத்தான் செய்யும். கோளாறு மார்புச் சுற்றில் இல்லை, கையை இணைக்கும் வளைவான கைக்குழியில் இருக்கிறது. குழியின் அடிப்பகுதி அக்குளை ஒட்டி இருந்தால் கை மட்டும் மேலே போகும், உடம்புத் துணி இருந்த இடத்தில் இருக்கும். குழியை இறக்கி வெட்டிவிட்டால் கையோடு பக்கத் தையலும் சேர்ந்து இழுபடும். அந்த இழுப்பில்தான் ரவிக்கையின் கீழ்ப்பட்டி ஏறுகிறது, தையல் பிரிகிறது. "அக்குளில் பிடிக்குது" என்ற புகார் வரக்கூடாதே என்று பல கடைகளில் குழியை வேண்டுமென்றே இறக்குகிறார்கள். ஒரு புகாரைத் தவிர்க்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்வது இது.

போட்டுப் பார்க்கும்போது கையைத் தொங்கவிட்டு மட்டும் நிற்காதீர்கள், தூக்கியும் பாருங்கள். அக்குளுக்கும் குழியின் அடித் தையலுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடைவெளி போதும். மூன்று விரல் நுழைந்தால் அந்த ரவிக்கை ஏறும்.

தைத்து முடித்ததில் குழியை மேலே கொண்டுவர வெட்டிய துணி திரும்பாது. இரண்டு வழி உண்டு. தோள் தையலைப் பிரித்து அரை அங்குலம் உள்ளே பிடித்தால் குழி உயரும். ஆனால் கழுத்தும் அரை அங்குலம் ஏறும், உயரமும் அவ்வளவு குறையும். இறக்கமான கழுத்து வைத்தவர்களுக்கு மட்டும் இது ஒத்துவரும். மற்றவர்கள் அக்குளில் தையல்கள் சேரும் இடத்தைப் பிரித்து, இரண்டரை அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை டைமண்ட் வாக்கில் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். துண்டைக் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்ட வேண்டும். நேர் இழையில் வெட்டினால் துணி இளகிக் கொடுக்காது, அந்த முனையிலேயே மறுபடி கிழியும்.

அடுத்த முறை கைத்துண்டின் மேல்வளைவைக் கொஞ்சம் தணித்து வெட்டச் சொல்லிப் பாருங்கள். கை தூக்க இன்னும் இலகுவாக இருக்கும். பதிலுக்குக் கையைத் தொங்கவிடும்போது அக்குளில் இரண்டு மடிப்பு விழும். தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த மடிப்பு ஒரு பொருட்டில்லை. மேடையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் நாளுக்கு வேறு வெட்டு தைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலம் துணி விடச் சொல்ல மறக்க வேண்டாம்.

ஃபால்ஸ் தைத்த புடவை முதல் சலவையிலேயே கீழே சுருங்கிச் சுருங்கி நிற்கிறது.

சுருங்கியது ஃபால்ஸ், புடவை இல்லை. ஃபால்ஸ் பருத்தித் துணி. கடையிலிருந்து வரும்போது கஞ்சி விறைப்போடு இருக்கும், தண்ணீர் பட்டதும் நீளத்தில் குறையும். மேலே இருக்கும் ஜார்ஜெட்டோ பாலியெஸ்டரோ குறையாது. மிச்சமான புடவைத் துணி அலை அலையாக நிற்கிறது.

இப்போது இரண்டு ஓரத்தையும் பிரித்து, ஃபால்ஸையும் புடவையையும் தனித்தனியாக இஸ்திரி போட்டுவிட்டுத் திரும்பத் தைத்தால் சரியாகிவிடும். சுருங்க வேண்டியது சுருங்கி முடித்தாயிற்று.

புதிதாகத் தைக்கும்போது ஃபால்ஸை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கொடுங்கள். சாயம் போகிற ஃபால்ஸாக இருந்தால் அதுவும் அந்த வாளியிலேயே தெரிந்துவிடும். புடவையின் உள்முனையில் ரவிக்கைத் துணி சேர்ந்திருந்தால் முதலில் அதை வெட்டி, ஓரம் அடித்துவிட்டு, பிறகு ஃபால்ஸ். இந்த வரிசையை மாற்றி ஃபால்ஸோடு ரவிக்கைத் துணியை வெட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். உள்முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஆரம்பித்தால் கொசுவம் முழுக்க ஃபால்ஸுக்குள் வரும். கீழ் ஓரத்துக்கு மெஷின் போதும். மேல் ஓரத்தைக் கையால், ஒரு இழை இரண்டு இழை மட்டும் ஊசியில் எடுத்து ஹெம்மிங் செய்ய வேண்டும். பட்டுப் புடவைக்கு இரண்டு ஓரமும் கைத்தையல்தான்.

சில்க் மார்க் ஒட்டிய காஞ்சிப் பட்டு வாங்கினேன். ஜரிகை அசல் இல்லை என்கிறார் அத்தை. சில்க் மார்க் இருந்தும் ஏமாற்ற முடியுமா?

சில்க் மார்க் சொல்வது ஒன்றே ஒன்று: நூல் சுத்தமான பட்டு. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் வந்த முத்திரை அது. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி, தங்கம் இருக்கிறதா என்பது அதன் வேலையே இல்லை. கைத்தறியா விசைத்தறியா என்றும் அது சொல்லாது. ஆகவே முத்திரையும் உண்மை, அத்தை சொல்வதும் உண்மை என்று இருக்க இடமுண்டு.

அசல் ஜரிகை என்றால் நடுவில் பட்டு நூல், அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்கு மேல் தங்கமுலாம். முந்தானைக் குஞ்சத்தில் தொங்கும் ஒரு ஜரிகை இழையை எடுத்து நகத்தால் சுரண்டுங்கள். முலாம் போனபின் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வெள்ளி, செம்பு நிறம் தெரிந்தால் செம்புக் கம்பி. சுற்றைப் பிரித்துவிட்டு நடு நூலைத் தனியாகக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடையும் விரலில் பொடியாகும் சாம்பலும் வந்தால் பட்டு. உருகிக் கெட்டியான உருண்டையானால் பாலியெஸ்டர். பழைய ஆட்கள் "உள்ளே சிவப்பு நூல் இருந்தால் அசல்" என்பார்கள். இப்போது போலியிலும் சிவப்பு நூலையே வைக்கிறார்கள், அந்த அடையாளத்தை நம்ப வேண்டாம். செம்புக் கம்பிமேல் வெள்ளிப்பூச்சு பூசியதும் சந்தையில் உண்டு. முதல் சுரண்டலில் அதுவும் வெள்ளையாகத்தான் தெரியும், இன்னும் அழுத்திச் சுரண்ட வேண்டும். உறுதியான பதில் உலோகம் சோதிக்கும் எக்ஸ்-ரே கருவியில்தான் கிடைக்கும்: வெள்ளி, செம்பு, தங்கம் இத்தனை சதவீதம் என்று பிரித்துக் காட்டிவிடும்.

அடுத்த முறை ஜரிகையின் உலோக அளவைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் அசல் ஜரிகை விலை கொடுக்காதீர்கள்.

கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பை இரண்டு முறைதான் போட்டேன். நாலு வருஷம் கழித்து எடுத்தால் அடிப்பாகம் ரொட்டித்தூள் மாதிரி உதிர்கிறது. பத்திரமாகப் பெட்டியில்தான் வைத்திருந்தேன்.

அந்தச் சோல் பாலியூரித்தேன், கடையில் பி.யூ. என்பார்கள். எடை இருக்காது, மெத்தென்று இருக்கும், முதல் நாளே காலுக்கு ஒத்துப்போகும். அதற்கு எதிரி காற்றில் உள்ள ஈரம். நீராவி மெல்ல மெல்ல அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டுகிறது. முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் வெடிக்கும், கடைசியில் தூள். போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊரில் சீக்கிரமாக நடக்கும். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் இன்னும் மோசம்.

பசை போட்டு ஒட்டித் தரச் சொல்லாதீர்கள். பசை பிடிக்க அங்கே திடமான பொருளே இல்லை. மேல்பாகம் நல்ல தோலாக இருந்தால், பழைய சோலை மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் அல்லது டி.பி.ஆர். (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) சோல் போட்டுக்கொள்ளலாம். மேலேயும் ரெக்ஸினாக இருந்தால் தூக்கிப் போடுவதே லாபம்.

வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் போடும் விசேஷச் செருப்புக்குப் பி.யூ. சோல் வேண்டாம் என்பது என் கட்சி. தினசரிச் செருப்புக்கு நன்றாகவே உழைக்கும், உதிரும் முன் தேய்ந்துவிடும். பெட்டியின் பக்கவாட்டில் தயாரித்த மாதம், வருடம் அச்சிட்டிருக்கும். பாதி விலைத் தள்ளுபடியில் கிடைப்பது மூன்று வருஷச் சரக்கு என்றால், அதன் ஆயுளில் ஒரு பங்கு கிடங்கிலேயே கழிந்துவிட்டது.

புதுக் கோலாப்பூரிச் செருப்பு கட்டைவிரலைக் கடிக்கிறது.

கடிக்கத்தான் செய்யும், அது மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட கெட்டித் தோல். விரல் வளையத்தின் உள்பக்கமும் குறுக்குப் பட்டையின் உள்பக்கமும் விளக்கெண்ணெயை விரலால் மெல்லிசாகத் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் துடைத்துவிட்டு வீட்டுக்குள் இருபது நிமிஷம் நடங்கள். நாலைந்து நாள் இப்படிச் செய்தால் இளகும். எண்ணெயை ஊற்றிவிட்டால் தோல் கறுத்து, பாதத்திலும் சாயம் ஏறும். மழையில் நனைந்தால் வெயிலில் வைக்காமல் செய்தித்தாள் சுற்றி நிழலில் உலர்த்த வேண்டும்.

சுங்குடிச் சேலையை உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்குமா?

நிற்காது. சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, ஏற்றி முடித்த துணியில் அது ஒட்டவைக்கும் வேலை செய்யாது. வெளியே வருவது இழையில் பிடிக்காமல் மேலே தங்கிய உபரிச் சாயம். தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊறப் போடாமல் இரண்டு மூன்று தடவை அலசி அதை வெளியேற்றுங்கள். பிழிந்து சுருட்டி வைத்தால் ஒரு மடிப்பின் சாயம் அடுத்த மடிப்பின் வெள்ளைப் புள்ளியில் இறங்கும். உடனே விரித்து நிழலில் போடுங்கள்.

உள்பாவாடை நாடா கட்டும் இடம் கறுத்து, தடித்துப் போயிருக்கிறது.

மெல்லிய கயிறு, இறுக்கம், வியர்வை மூன்றும் தினமும் ஒரே கோட்டில் விழுவதால் வருவது. நாடாவை எடுத்துவிட்டு மூன்று அங்குல அகலப் பட்டியும் இரண்டு மூன்று வரிசைக் கொக்கியும் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். கட்டும் உயரத்தையும் ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று மாற்றுங்கள். வெறும் கறுப்பு மெல்ல மங்கும். ஆனால் அந்த இடத்தில் செதில் உதிர்ந்தாலோ, புண்ணாகி மூன்று வாரத்தில் ஆறாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல வருஷம் ஆறாத நாடாப் புண் புற்றாக மாறிய நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. மிக அரிதுதான், இருந்தாலும் காட்டிவிடுவது நல்லது.