சோயா தீவனத்தில் வளர்ந்த மீனில் தாதுச்சத்து குறையுமா?

கேள்வி: மீன்தூள் விலை கட்டுப்படியாகவில்லை. சோயா புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, தவிடு கலந்து நானே தீவனம் தயாரித்து ரோகு, கட்லாவுக்குப் போடுகிறேன். இப்படி வளர்த்த மீனில் சத்து இருக்காது என்கிறார் வாடிக்கையாளர் ஒருவர். மாட்டுக்கு வாங்கும் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) பவுடரைச் சேர்த்தால் சரியாகிவிடுமா?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. சதையில் துத்தநாகம், இரும்பு, பாஸ்பரஸ் அவ்வளவு எளிதில் இறங்காது. தட்டுப்பாடு வந்தால் முதலில் அடிவாங்குவது எலும்பும் செதிலும்தான். செலினியமும் அயோடினும் அப்படியல்ல. கடல்மீன் தூளில் இவை தாராளம். அதைக் குறைத்தால் சதையிலேயே அளவு இறங்கும். (பாதரசமும் சேர்ந்தே குறையும் என்பது நல்ல செய்தி.) நார்வே சால்மன் தீவனத்தில் 1990இல் சுமார் 65% இருந்த மீன்தூள் 2013இல் 18% ஆனது. அங்கே தாதுக் கலவை சேர்த்துத்தான் சமாளிக்கிறார்கள்.

புண்ணாக்கிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் நிறையவே உண்டு. ஆனால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டிக் அமிலமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி மீன் குடலில் போதிய அளவு இல்லை. துத்தநாகத்தையும் பைட்டிக் அமிலம் பிடித்து வைத்துக்கொள்ளும். அமெரிக்கக் கெளுத்தியில் செய்த சோதனையில், கிலோ தீவனத்துக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் போதுமாக இருந்த இடத்தில், பைட்டிக் அமிலம் சேர்ந்ததும் 150 தேவைப்பட்டது. செரிக்காத பாஸ்பரஸ் கழிவாகக் குளத்தில் இறங்கி, தண்ணீரைப் பச்சையாக்கும்.

டிசிபிக்கு வருகிறேன். தயவுசெய்து அதை நம்பியிருக்காதீர்கள். ரோகு, கட்லா போன்ற கெண்டை இனத்துக்கு இரைப்பை கிடையாது, அமிலமும் சுரக்காது. டிசிபி கரைய அமிலம் வேண்டும். சாதாக்கெண்டையில் அளந்து பார்த்தபோது மோனோகால்சியம் பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பரஸ் 94% உடலில் சேர்ந்தது. டிசிபியில் 46% மட்டுமே. ட்ரைகால்சியம் பாஸ்பேட்டில் வெறும் 13%. மீன்தூளில் உள்ள பாஸ்பரஸும் பெரும்பாலும் எலும்புத்தூளாக இருப்பதால், மீன்தூளுக்கே திரும்பினாலும் உங்கள் ரோகுவுக்கு இந்தக் குறை முழுதாகத் தீராது. கால்சியத்தை மீன் தண்ணீரிலிருந்தே செவுள் வழியாக எடுத்துக்கொள்ளும். தீவனத்தில் கூடுதலாகக் கொட்டினால் துத்தநாகம் சேர்வதுதான் கெடும்.

ஆகவே 100 கிலோ தீவனத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ மோனோகால்சியம் பாஸ்பேட் கலந்து தொடங்குங்கள். கூடவே துத்தநாகம், செலினியம், அயோடின் உள்ள, மீனுக்கென்றே விற்கும் மினரல் மிக்ஸ்சர். செலினியத்தைத் தனியாக வாங்கிக் கைக்கணக்கில் போடவே கூடாது. கொஞ்சம் கூடினாலும் விஷம். பைட்டிக் அமிலத்தை உடைக்கும் பைட்டேஸ் நொதியும் பலன் தரும், ஆனால் சூட்டில் செத்துவிடும். தீவனத்தை வேகவைத்து ஆறிய பிறகுதான் தெளிக்க வேண்டும். இரைப்பை உள்ள ஜிலேபி மீனில் (திலாப்பியா) அது நன்றாக வேலை செய்யும். ரோகுவுக்குக் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால்தான் பிடிக்கும்.

வலை போடும்போது கண்ணில் வெண்படலம், அரித்த துடுப்பு தென்பட்டால் துத்தநாகத்தைச் சந்தேகியுங்கள். முதுகு வளைந்திருந்தால் பாஸ்பரஸ் குறைவாக இருக்கலாம். வைட்டமின் சி பற்றாக்குறையிலும் அப்படி வளையும், அதனால் இரண்டையும் பாருங்கள்.