அப்பாவோட பேப்பர், அம்மாவோட பூ

கடிதம்:

வணக்கம் அக்கா. நானும் பேராக், சுங்கை சிப்புட் பக்கம்தான், செம்பனை ஆலையில வேல. ஆறு மாசத்துக்கு முன்ன வீட்டுக்காரம்மாவுக்கு ஃபேக்டரி வேல போயிருச்சு. இப்ப ஒத்த சம்பளம், காடி (கார்) லோன், ரெண்டு பிள்ளைங்க, அப்பா அம்மாவும் எங்ககூடத்தான். சிக்கனமா இருக்கணும்னு உக்காந்து பட்டியல் போட்டு ஒவ்வொன்னா நிறுத்திட்டேன். அப்பாவோட தமிழ் பேப்பர் (அதுலயே மாசம் 60 வெள்ளி), வெள்ளிக்கெழம பூ, அம்மா பாக்குற ஆஸ்ட்ரோ, பிள்ளைங்க ஹார்லிக்ஸ், சார்டின் டின், பாசார் மாலாம் எல்லாம் நின்னு போச்சு. எனக்குன்னு கடையில ஒரு நாளைக்கு ரெண்டு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய், அவ்வளவுதான். புதன், சனி, ஞாயிறு அஞ்சு அஞ்சு வெள்ளிக்கு நம்பர் லாட்டரி எடுக்கிறத மட்டும் விடல, அடிச்சா கடன் அடஞ்சிடும்ல. ஆனா பேப்பர நிறுத்துனதுல இருந்து அப்பா என்கிட்ட சரியா பேசறதில்ல. சிக்கனமா இருக்கறது தப்பா அக்கா?

பதில்:

தம்பி, வணக்கம். பேர் போட வேணாம்னு கேட்டிருந்தீங்க, போடல. சிக்கனம் தப்பே இல்ல, ஒத்த சம்பளத்துல ஆறு பேர் சாப்புடுற வீட்டுல அது இல்லாம முடியாது. இந்த வருத்தத்த எழுதணும்னு ஒங்களுக்குத் தோணுச்சே, அதுவே எனக்கு சந்தோசமா இருந்துச்சு. ஆனா ஒங்க பட்டியல நான் ரெண்டு மூனு தடவ வாசிச்சேன். நிறுத்துனது எல்லாம் யாரோட சாமான்னு பாத்தீங்களா? பேப்பர் அப்பாவோடது, ஆஸ்ட்ரோ அம்மாவோடது, பூ பொம்பளைங்களோடது, ஹார்லிக்ஸ் பிள்ளைங்களோடது. ஒங்களோடது ஒன்னுகூட அதுல இல்லையே தம்பி.

கணக்கு பாப்போம். தே தாரிக் ரெண்டு வெள்ளி இருபது காசு, ரொட்டி ஒன்னு எம்பதுன்னு வெச்சா ஒரு நாளைக்கு ஆறு வெள்ளி இருபது காசு, மாசம் 26 நாள் வேலைக்கு 161 வெள்ளி 20 காசு ஆவுது. நம்பருக்கு வாரம் 15, மாசம் 60. அப்பா பேப்பருக்கும் அதே 60 தான். நாலு நம்பர்ல 0000ல இருந்து 9999 வரைக்கும் பத்தாயிரம் நம்பர் இருக்கு, ஒரு குலுக்கல்ல விழறது ஆறுதல் பரிசெல்லாம் சேத்து 23 தான். மொத பரிசே அடிச்சாலும் ஒரு வெள்ளிக்கு 2,500, அஞ்சுக்கு 12,500, அத வெச்சி காடி லோன் முழுசா அடையறது கஷ்டம். பேப்பர் அப்படி இல்ல, தெனமும் காலையில அவர் கைக்கு வந்துரும்.

இத நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க வீட்டுல நடந்ததும் இதேதான். 1985ல நாடே மந்தத்துல கெடந்துச்சு, ரப்பர் வெல இல்ல, அப்ப எனக்கு பத்து வயசு. எங்கம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்குறவங்க, உள்ளங்கை அளவு 555 புக்கு ஒன்னு வெச்சிருப்பாங்க. சீனாக்காரர் கடையில கடன் எழுதுறோமே அதே சின்ன புக்குதான், ஆனா இது அம்மாவோட சொந்தக் கணக்கு, பென்சில்ல எழுதுவாங்க, பால் டின் 2, சீனி, கருவாடு, பூ அப்படின்னு. அந்த புக்கு இப்பவும் எங்கிட்ட இருக்கு. அந்த வருசம் ஒரு பக்கத்துல பூ மேல ஒரு கோடு. அடுத்த பக்கத்துல கைலின்னு எழுதி அதுலயும் கோடு. அதுக்கப்புறம் அந்த ரெண்டு வார்த்தையும் ரொம்ப நாளைக்கு வரவே இல்ல. அப்பாவோட சிகரெட் மட்டும் ஒரு பக்கம் விடாம இருக்கு. அப்பா கெட்டவர் இல்ல, அதுல கோடு போடலாம்னு அவருக்குத் தோணல, அம்மாவுக்கும் கேக்கத் தோணல. வீட்டுல யாரு வாயத் தொறந்து கேக்க மாட்டாங்களோ அவங்க சாமான்தான் மொதல்ல போவுது. எத்தன வீட்டுல இத பாத்துட்டேன்.

தோட்டத்து ஜனங்களுக்கு விட்டுக் குடுக்கறத யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. வெள்ளக்காரன் தோட்டத்த துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்த காலம், நம்ம ஆளுங்களே காசு சேத்து தோட்டம் வாங்கணும்னு, நம்ம சுங்கை சிப்புட்ல பொறந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு. பங்கு 100 வெள்ளி, மாசம் பத்து பத்தா கட்டணும். என் பாட்டியும் கட்டுச்சு. ‘பத்து மாசம் பால் இல்லாத கோப்பி ஓ குடிச்சிட்டுத்தான் பெரட்டுக்கு (காலையில ஆள் கணக்கு எடுக்கற எடத்துக்கு) போனேன், பால் பிள்ளைங்களுக்கு’ன்னு சொல்லும், சொல்றப்ப மொகத்துல ஒரு பெரும இருக்கும். ஏன்னா அது தானா எடுத்த முடிவு, எதுக்குன்னு அதுக்குத் தெரியும். ஒங்கப்பாகிட்ட நீங்க அப்படி கேட்டீங்களா? இல்ல, ஒரு நாள் காலையில பேப்பர் வரல, அவ்வளவுதானா?

வயசானவருக்கு பேப்பர் படிக்க மட்டும் இல்ல. காலையில ரெண்டு மணி நேரம் அவருக்குன்னு ஒரு வேல, சாயந்திரம் பக்கத்து வீட்டு மனுசன்கிட்ட பேச நாலு விசயம், யாரு செத்தாங்கன்னு பாக்க கடைசி பக்கம். 1924ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் பேப்பர் 2019ல நின்னப்ப எங்க லயத்து ஆளுங்க சில பேரு சொந்தத்துல ஒருத்தர் போன மாதிரி உக்காந்திருந்தாங்க. போன்ல பாருங்கப்பான்னு சொல்லாதீங்க, கண்ணாடிய போட்டுக்கிட்டு அந்த சின்ன எழுத்த தேச்சி தேச்சி பாக்கறது அவங்களுக்கு படிக்கறது இல்ல.

என்னைய கேட்டா நம்பர இன்னைக்கே விட்ருங்க. தே தாரிக்க முழுசா விடச் சொல்லல, ஆலையில பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு கூட்டாளிங்களோட உக்கார்ற அந்த அரை மணி நேரமும் வேணும்தான், ஒன்னு மட்டும் வெச்சிக்கிட்டு காலையில வீட்டுல இருந்து போத்தல்ல எடுத்துக்கிட்டு போங்க. ஹார்லிக்ஸ், சார்டின், ஆஸ்ட்ரோ இப்போதைக்கு நின்னா நிக்கட்டும். சமையலுக்கு அரசாங்க மானியத்துல வர்ற அந்த ரெண்டர வெள்ளி எண்ணெ பாக்கெட் வந்த அன்னைக்கே போனாத்தான் கெடைக்கும், அத மறக்காதீங்க. அப்புறம் ஒரு ராத்திரி சாப்புட்டு முடிச்சதும் எல்லாரையும் உக்கார வெச்சி இதுதான் சம்பளம், இதுதான் லோன்னு தாள்ல எழுதிக் காட்டுங்க, பிள்ளைங்களும் இருக்கட்டும், அவங்கவங்க எத விடுறாங்கன்னு அவங்களே சொல்லட்டும், மொதல்ல நீங்க சொல்லுங்க.

அதுவரைக்கும் காத்திருக்க வேணாம். நாளைக்கி ஷிஃப்ட் முடிஞ்சி வர்றப்ப ஒரு பேப்பர் வாங்கிட்டு வந்து அப்பா உக்கார்ற நாற்காலி மேல வெச்சிருங்க. ஒன்னும் பேச வேணாம். வெள்ளிக்கெழமன்னா ஒரு மொழம் பூவும் சேத்து.